தாத்தா, மலையாளம் எந்த நாட்டு மொழி?

பேரன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து போனான். பத்து வயது. தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்: "தாத்தா, மலையாளம் எந்த நாட்டு மொழி?"

விஷயம் இதுதான். அவன் வகுப்பில் ஓர் உலகப் படத்தை மாட்டி, வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகள் எல்லாம் தங்கள் மொழிக்கு உரிய நாட்டில் ஒரு காகிதக் கொடியை ஒட்ட வேண்டும் என்று சொன்னார்களாம். கிரேக்கப் பையன் ஒருவன் ஒரே நொடியில் கிரேக்கத்தில் ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்து ஒரு மலையாளிப் பெண் இந்தியாவில் ஒட்டினாள். இவன் போய் அதே இந்தியாவில், அதே கொடியை, அதன் பக்கத்திலேயே ஒட்டினான். "ரெண்டு பேரும் ஒரே மொழியா?" என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. இவனுக்குப் பதில் தெரியவில்லை.

"கிரேக்கத்துக்கு ஒரு நாடு இருக்கு. மலையாளத்துக்கு இல்லை. அப்போ கிரேக்கம்தானே பெரிய மொழி?" என்றான்.

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததும் கேள்வி கரைந்துவிட்டது. எனக்குக் கரையவில்லை. இப்போது எழுதுகிறேன். இதில் என் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தலைகளை எண்ணிப் பார்ப்போம். குமாஸ்தா புத்தி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மலையாளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 3 கோடியே 48 லட்சம் பேர். கிரேக்க நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒரு கோடியை ஒட்டியதுதான். சைப்ரஸையும் வெளிநாடுகளில் இருப்பவர்களையும் சேர்த்தால் கிரேக்கம் பேசுபவர்கள் சுமார் 1 கோடியே 30 லட்சம் என்பார்கள். ஆக, மலையாளம் பேசுகிறவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் மரியாதை தலைக்கணக்கில் வருவதில்லை. யூரோ நோட்டு வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள் (புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை, எந்த சொல்தா வீட்டிலும் ஒன்றிரண்டு கிடைக்கும்). லத்தீன் எழுத்தில் 'யூரோ' என்று இருக்கும். பக்கத்திலேயே கிரேக்க எழுத்திலும் இருக்கும். 1981-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த அந்தச் சின்ன நாட்டின் எழுத்து அத்தனை நாட்டு மக்களின் சட்டைப் பையிலும் இருக்கிறது. நம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் 15 மொழிகள் அடுக்கியிருப்பார்கள். அதில் மலையாளம் ஏழாவது வரி. தமிழ் பதின்மூன்றாவது. பூதக்கண்ணாடி வேண்டும், என் வயதுக்கு நிச்சயம் வேண்டும்.

அதற்காகப் பேரன் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியுமா? நாடு இருக்கிற மொழிதான் மொழி என்றால், கிரேக்கத்தின் கதையே வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆறாம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் கிரேக்கர்களைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். மார்சேய் நகரத்தைக் கி.மு. 600 வாக்கில் நிறுவியவர்களே ஆசியா மைனர் கரையிலிருந்து கப்பலேறி வந்த கிரேக்கர்கள்தான் என்று படித்தோம். நீஸ் நகரத்தின் பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். அன்றைக்கு கிரேக்கம் ஒரு நாட்டின் மொழியாக இருந்ததில்லை. துறைமுகங்களின் மொழியாக இருந்தது. கப்பல் போன இடமெல்லாம் அது போயிற்று.

நம் கரைக்கும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல் வழிக் குறிப்பில் மேற்குக் கரையின் முசிறி வருகிறது. கிழக்குக் கரையில் 'பொதுகே' என்று ஓர் ஊர் வருகிறது. அது நம் புதுச்சேரிதான் என்றும், அரிக்கமேடு அதன் மிச்சம் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். முசிறியிலிருந்து ஏற்றிய சரக்கைப் பற்றிய கடன் பத்திரம் ஒன்று, இரண்டாம் நூற்றாண்டில் பாப்பிரஸ் தாளில் கிரேக்கத்தில் எழுதியது, இன்றும் வியன்னாவில் இருக்கிறது. மிளகுக் கரையில் அப்போது வழங்கிய மொழி தமிழ். மலையாளம் என்று தனியாக ஒன்று பிரிந்து வளர்வதற்கு இன்னும் பல நூறு ஆண்டுகள் இருந்தன. அக்கா வீட்டு வாசலுக்குக் கிரேக்கம் வந்து போனபோது தங்கை பிறக்கவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகும் கிரேக்கம் கிரேக்க நாட்டுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. இத்தாலியின் தெற்கு மூலையில் சில கிராமங்களில் 'கிரிக்கோ' என்ற பெயரில் இன்றும் மூச்சு இருக்கிறது. 1999-இல் இத்தாலி சட்டம் போட்டு அதைச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. என் மைத்துனர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். கொர்சிகா தீவில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே கார்ஜேஸ் என்ற ஊரில் எதிரெதிரே இரண்டு தேவாலயங்கள், ஒன்று லத்தீன் முறை, ஒன்று கிரேக்க முறை என்று கடிதம் எழுதியிருந்தார். 1676-இல் துருக்கியருக்குப் பயந்து கிரேக்கத்திலிருந்து வந்து அந்தத் தீவில் இறங்கியவர்களின் சந்ததி. கோயில் நிற்கிறது, மொழி போய்விட்டது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கவாஃபி என்று ஒரு கிரேக்கக் கவிஞர் இருந்தார். 1863-இல் அங்கே பிறந்து 1933-இல் அங்கேயே இறந்தவர். கிரேக்க நாட்டில் குடியிருந்தவர் அல்லர். இன்று கிரேக்க மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். இதில் எனக்குத் தனி சந்தோஷம் ஒன்று உண்டு. அவர் முப்பது ஆண்டுகள் பார்த்த உத்தியோகம், பாசனத் துறை அலுவலகத்தில் குமாஸ்தா! நம்ம ஆள்.

இவ்வளவு பரந்து கிடந்த மொழியின் கொடி எப்படி ஒரே நாட்டில் ஒட்டப்பட்டது? அதுதான் வருத்தமான பகுதி.

1923 ஜனவரியில் லோசான் நகரத்தில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துருக்கியில் இருக்கிற கிரேக்க வைதீகக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போக வேண்டும். கிரேக்கத்தில் இருக்கிற முஸ்லிம்கள் துருக்கிக்குப் போக வேண்டும். இஸ்தான்புல் கிரேக்கர்கள், மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள் என்று சில விலக்குகள். மற்றவர்களை யாரும் கேட்கவில்லை. முந்தைய ஆண்டே போரில் ஓடிவந்தவர்களையும் சேர்த்து சுமார் 12 லட்சம் பேர் இந்தப் பக்கம். மூன்றரை லட்சத்துக்கும் மேல் அந்தப் பக்கம்.

கவனியுங்கள்: பிரித்தது மொழியை வைத்து அல்ல, மதத்தை வைத்து. கப்படோக்கியாவில் தலைமுறை தலைமுறையாகத் துருக்கி மொழி பேசி, அதையே கிரேக்க எழுத்தில் எழுதிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கிரேக்கம் தெரியாத அவர்களைக் கிரேக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் மட்டுமே தெரிந்த முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்களைத் துருக்கிக் கரையில் இறக்கினார்கள். இரண்டு பேருக்கும் 'சொந்த நாடு' கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரனோடு பேச மொழி இல்லை. கருங்கடல் பக்கம் திராப்சோன் மலைக் கிராமங்களில் முஸ்லிம்களாக இருந்ததால் தப்பித் தங்கிவிட்டவர்கள் சிலர் இன்றும் ஒரு பழைய கிரேக்கத்தைப் பேசுகிறார்கள். பேரனின் படத்தில் அவர்களுக்கு ஒட்டக் கொடி இல்லை.

ஆக, "கிரேக்கம் பேசும் நாடு கிரேக்கம்" என்று அந்தப் பையன் ஒரே நொடியில் ஒட்டினானே, அந்த ஒரு நொடிக்காகப் பதினைந்து லட்சம் பேர் வீட்டைப் பூட்டிச் சாவியோடு கிளம்பியிருக்கிறார்கள்.

இப்போது மலையாளத்துக்கு வருவோம். அதற்கும் கோடு போட்டார்கள். 1956 நவம்பர் 1. திருவிதாங்கூர்-கொச்சியோடு மலபாரும் காசர்கோடும் சேர்ந்து கேரளம் ஆனது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. செங்கோட்டையில் பெரும் பகுதியும் வந்தது. அது ஒன்றும் சத்தமில்லாமல் நடக்கவில்லை. 1954-இல் தென் திருவிதாங்கூரில் தமிழர்கள் மேல் துப்பாக்கிச் சூடே நடந்தது. தேவிகுளம், பீர்மேடு நமக்கு வரவில்லை என்ற ஆற்றாமை என் வயதுக்காரர்களுக்கு இன்னும் உண்டு.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடு போட்ட பிறகு, "நீ அந்த மொழிக்காரன், அந்தப் பக்கம் போ" என்று யாரையும் வண்டியில் ஏற்றவில்லை. கூடலூரிலும் விளவங்கோட்டிலும் மலையாளம் பேசுகிறவர்கள் அப்படியே இருந்தார்கள். பாலக்காட்டிலும் மூணாறிலும் தமிழர்கள் அப்படியே இருந்தார்கள். காசர்கோட்டில் கன்னடமும் துளுவும் அப்படியே இருந்தன. 1947-இல் வடக்கே நடந்த கொடுமை வேறு. அது 1923-இன் தம்பி, மதத்தால் போட்ட கோடு. 1956-இன் கோடு காகிதத்தில் நின்றது. ஆட்கள் அவரவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அதோடு மலையாளம் எங்கும் நிற்கவில்லை. லட்சத்தீவில் மினிக்காய் தவிர மற்றத் தீவுகளில் அதுதான். வளைகுடா நாடுகளில் துபாய், தோஹா, குவைத் எங்கும் கேட்கலாம். கொச்சியிலிருந்து 1950-களில் இஸ்ரேல் போன யூதர்கள் அங்கே அதைக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். சிரியன் கிறிஸ்தவர்கள் சிரியாக் எழுத்தில் எழுதினார்கள். எழுத்து எதுவானால் என்ன, வீட்டில் பேசியது ஒன்றுதான்.

இனி என் பழைய கணக்கு.

மலையாளம் பேசுகிற இடங்களில் நம் ஆட்சிக்கு உட்பட்ட ஓர் இடம் உண்டு: மாஹே. மய்யழி என்பார்கள் அவர்கள். 9 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி 41,816 பேர். சுற்றிலும் கேரளம். மாஹே ஊரிலிருந்து பள்ளூர், பந்தக்கல் போக வேண்டுமென்றாலும் நடுவில் கேரளத்தை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். மாஹே ரயில் நிலையமே கேரளத்தில் இருக்கிறது! பிரெஞ்சுக்காரன் வைத்திருந்தான் என்ற ஒரே காரணத்துக்காக, தமிழ் பேசுகிற புதுச்சேரிக்குக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கிற ஊர்.

1984-இல் என்னை அங்கே மாற்றினார்கள். மெட்ராஸ் போய் மங்களூர் மெயில் பிடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினேன். இரண்டு ஆண்டுகள். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, தப்பு என்னுடையது.

அங்கே எனக்கு ஒரு பெருமை இருந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிற பெரியவர்கள் வந்தால் பிரெஞ்சிலேயே பேசுவேன். அவர்களுக்கு ஆச்சரியம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குத் தலை கனத்துப் போயிற்று. மலையாளம் நமக்கு எதற்கு, தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசினால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஒரு வயதான அம்மாள் வந்தார். விதவை. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம். படிவம் ஆங்கிலத்தில். அவருக்கு எழுதத் தெரியாது, நான்தான் நிரப்பினேன். ரேஷன் கார்டில் பெயருக்கு முன்னால் 'பி' என்று ஓர் எழுத்து. "பி என்றால் என்ன?" என்று தமிழில் கேட்டேன். "புதியபுரயில்" என்றார். தமிழ்நாட்டுப் பழக்கத்தில், இனிஷியல் என்றால் அப்பா பெயர். கல்யாணமானவள் என்றால் புருஷன் பெயர். பிரெஞ்சுப் பழக்கத்தில், எத்தா சிவிலில் குடும்பப் பெயர். நான் இரண்டும் படித்த மேதாவி. கணவர் பெயர் என்ற கட்டத்தில் 'புதியபுரயில்' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்.

மலபாரில் முன்னெழுத்து பெரும்பாலும் வீட்டுப் பெயர். தாய் வழி வந்த தறவாட்டின் பெயர். 'புதியபுரயில்' என்றால் 'புது வீட்டில்' என்று அர்த்தம். கணவரின் இறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தது. இருக்கத்தானே செய்யும்! கோப்பு புதுச்சேரியிலிருந்து "பெயர் பொருந்தவில்லை" என்ற குறிப்போடு திரும்பியது. அந்த அம்மாளிடம் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. "சரி மோனே" என்று போய்விடுவார். அடுத்த மாதம் வருவார். அதே பேச்சு. ஏழு மாதம்.

ஏழாவது மாதம் எங்கள் ஆபீஸ் பியூன், உள்ளூர்க்காரர், பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மாளிடமும் எடுத்துச் சொன்னார். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "என்னெ வீடினு கெட்டிச்சு கொடுத்தல்லோ" என்றார். என்னை வீட்டுக்கே கட்டிக் கொடுத்துவிட்டாயே என்று. கோபமே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திருத்தி அனுப்பினேன். பணம் வந்தது. ஆனால் விதி என்ன? உத்தரவு தேதியிலிருந்துதான் உதவித்தொகை. அந்த ஏழு மாதப் பணம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. பெரிய தொகை இல்லை. அவருக்கு அரிசி.

பிறகுதான் உட்கார்ந்து மலையாள எழுத்துப் படித்தேன். சட்டப் புத்தகத்தையும் புரட்டினேன். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் எவரும் அந்த ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்கிறது. நம் ஆட்சிப்பகுதியின் 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்று இடம் உண்டு. சட்டம் போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன்தான் யோசிக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. மொழிக்கும் நிலத்துக்கும் ஒரு நாளும் கச்சிதமாகப் பொருந்தாது. பொருத்திவிடலாம் என்று நினைத்தால் 1923 போல ஆட்களைப் பெயர்க்க வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்று நாம் 1956-இல் முடிவு செய்தோம், நல்ல முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவைத்தவர்களிடம் காகிதம் அவர்கள் மொழியில் போக வேண்டும். ஆளை நகர்த்தக் கூடாது என்றால் படிவத்தை நகர்த்து. மாஹேயில் மலையாளம் தெரிந்த குமாஸ்தா, மூணாறில் தமிழ் தெரிந்த குமாஸ்தா, கூடலூரில் மலையாளம் தெரிந்த குமாஸ்தா. இது சலுகை இல்லை. கோடு போட்டவர்கள் கட்ட வேண்டிய பாக்கி.

"அவர்களே நம் மொழியைக் கற்றுக்கொள்ளட்டுமே" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கற்றுக்கொள்ளட்டும், தப்பில்லை, இளைஞர்கள் கற்றுக்கொள்கிறார்கள். எழுபது வயதுக் கிழவியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது எனக்கே எழுபது தாண்டிவிட்டது. வங்கி இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது அந்த அம்மாள் ஞாபகம் வருகிறது.

நேற்று பேரனோடு வீடியோவில் பேசினேன். "மலையாளம் எந்த நாட்டு மொழின்னு கேட்டியே, அது ஒரு நாட்டு மொழி இல்லப்பா, நிறைய வீட்டு மொழி. கிரேக்கமும் அப்படித்தான்" என்றேன்.

"அப்போ கொடி எங்கே ஒட்டுறது?" என்றான்.

"அந்தப் பொண்ணு வீட்டுப் பேரு என்னன்னு கேளு" என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.